தோளில் ஒரு படகு

(சங்கத்தின் ஆண்டுக் கூடுகையையொட்டித் திருவொற்றியூரில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணன் என்னைக் கூப்பிட்டபோது, "தம்பி, வருஷா வருஷம் வேலைவாய்ப்பு, சுயதொழில்னே பேசிட்டிருக்கோம். நீ பைக்குள்ள மடிச்சு எடுத்துட்டுப் போறியே, அந்தக் காத்தடிக்கிற படகைப் பத்திப் பேசேன். பசங்க நிறையப் பேர் கேக்குறாங்க" என்றார். கேட்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தப் படகு வாங்கலாம்?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். ஆனால் கடைசியில்தான் சொல்வேன். ஏன் கடைசியில் என்பது அதற்குள் உங்களுக்கே விளங்கிவிடும்.

முதலில், பேக்ராஃப்ட் என்றால் என்ன? ஒரு ஆள் உட்காரும் அளவுள்ள, காற்றடைக்கும் சிறு படகு. எடை 2 முதல் 4 கிலோ. சுருட்டினால் ஒரு தலையணை அளவுக்கு வரும். துடுப்பு நான்கு துண்டாகக் கழன்றுவிடும். எல்லாவற்றையும் முதுகுப் பையில் போட்டுக்கொண்டு மலையிலோ காட்டிலோ நடக்கலாம். ஆறு குறுக்கிட்டால் காற்றடைத்து மிதக்கலாம். ஆறு முடிந்தால் மறுபடி சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம். அவ்வளவுதான் விஷயம்.

இதை வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புது விளையாட்டு என்று நினைக்கிறோம். வரலாறு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1840-களில் பீட்டர் ஹால்கெட் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி, மழைக்கோட்டுத் துணியில் ஒரு மேலங்கி தைத்தார். காற்றடைத்தால் அதுவே படகாகிவிடும். வடதுருவப் பக்கம் போன ஜான் ரே அதை எடுத்துச் சென்று பயன்படுத்தினார். 1982-இல் அலாஸ்காவில் நடந்த ஒரு காட்டுவழிப் பந்தயத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய டிக் கிரிஃபித் என்பவர் ஆற்றங்கரையில் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் படகை எடுத்து ஊதினார். இளைஞர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். 2000-ஆம் ஆண்டுவாக்கில் அதே அலாஸ்காவில் ஷெரி டிங்கி என்ற அம்மையார், தன் மகனுக்காக உறுதியான ஒரு படகைத் தைத்துக் கொடுத்தார். அல்பாக்கா ராஃப்ட் என்ற நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் பேக்ராஃப்ட் இந்த வழியில் வந்ததுதான்.

நம்ம ஊர்க் கதையையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கட்டுமரம் என்பது என்ன? லேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் தள்ளுகிறார்கள். திரும்பி வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் கரையேற்றிக் காய வைக்கிறார்கள். கழற்றித் தூக்கும் படகு! சோழமண்டலக் கரையில் பார்த்த இதைப் பற்றி வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697-இல் வெளிவந்த தன் பயண நூலில் எழுதினார். 'கட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். இன்று நம் குப்பங்களில் பைபர் படகுகள்தான் பெரும்பாலும் நிற்கின்றன. கட்டுமரத்தைக் காண்பது அரிதாகிவிட்டது.

அடுத்தது மசூலா படகு. சென்னைத் துறைமுகம் கட்டுவதற்கு முன், கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆணியடித்த விறைப்பான ஐரோப்பியப் படகுகள் நம் கரையலையில் மாட்டினால் உடைந்துபோகும். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த மசூலா படகுதான் அலை அடித்தால் வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்குவதற்குப் பக்கத்திலேயே கட்டுமரம் கூட வரும். இந்த இரண்டு விஷயத்தையும் மனதில் வையுங்கள்: வளைந்து கொடுக்கும் படகு ஒன்று, கூட வரும் துணை இன்னொன்று. இன்றைய பேக்ராஃப்ட் பாடத்திலும் இந்த இரண்டும்தான் முக்கியமான அத்தியாயங்கள்.

மூன்றாவது ஒகேனக்கல் பரிசல். மூங்கில் பின்னல், மேலே முன்பு தோல், இப்போது பிளாஸ்டிக் விரிப்பு. பரிசலோட்டி ஆற்றோடு கீழே வருவார். பிறகு பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோரமாக மேலே நடப்பார். பேக்ராஃப்டுக்கு இதைவிட நெருங்கிய சொந்தக்காரர் உலகத்தில் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. காவிரியில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டத் தடை போட்டுவிடும். தலைமுறை தலைமுறையாக ஓட்டுகிறவரே அன்றைக்குக் கரையில் உட்கார்ந்திருப்பார். இதையும் மனதில் வையுங்கள்.

இப்போது கொஞ்சம் எஞ்சினியரிங். நாம் கூடியிருக்கும் இடம் அப்படி, மன்னிக்க வேண்டும்.

படகின் உடம்பு, பாலியூரிதேன் பூசிய நைலான் துணி. சுற்றுக் குழாயின் விட்டம் 28 செ.மீ., நீளம் 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கொள்ளளவு சுமார் 300 லிட்டர் வருகிறது. நீங்களும் உங்கள் மூட்டையும் சேர்ந்து 100 கிலோ என்றால், ஆர்க்கிமிடிஸ் சொன்னபடி 100 லிட்டர் தண்ணீரை விலக்கினால் போதும். மூன்றில் ஒரு பங்குதான் அமிழும். மிதப்பதில் குறையே இல்லை. ஆனால் மீதி மூன்றில் இரண்டு பங்கு தண்ணீருக்கு மேலே நிற்கிறது, எடையும் கிடையாது. ஆகவே காற்று அதைக் காகிதம் மாதிரி தள்ளும். பேக்ராஃப்டின் முதல் எதிரி காற்று.

நம் கரையில் இது சாதாரண விஷயம் இல்லை. விடியற்காலையில் பல நாட்களில் கரைக்காற்று, தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். பாய் கட்டிய காலத்தில் நம் மீனவர்கள் அந்தக் காற்றில்தான் கடலுக்குப் போனார்கள். பகலில் கடற்காற்று எழுந்ததும் அதில் திரும்பி வந்தார்கள். காலையில் கடல் தட்டாமாலை சுற்றாமல் அமைதியாகத்தானே இருக்கிறது என்று ஒருவர் காற்றடைத்த படகை இறக்கினால், கரைக்காற்று அவரைச் சத்தமில்லாமல் உள்ளே கொண்டு போய்விடும். கரையிலிருந்து பார்க்கும்போது தெரியாது. திரும்பத் துடுப்புப் போடும்போதுதான் தெரியும்.

அடுத்தது வெப்பம். கொதிக்கிற மணலில் 45 டிகிரியில் காற்றடைத்த படகை 28 டிகிரித் தண்ணீரில் வைத்தால், உள்ளே இருக்கும் காற்று கெல்வின் கணக்கில் 318-லிருந்து 301-க்குக் குளிர்கிறது. ஏறக்குறைய 5 சதவீதம். 'ஐந்துதானே?' என்பீர்கள். படகுக்குள் நாம் கூடுதலாக அடைப்பதே வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதில் ஐந்து போனால் பாதி போன மாதிரி, படகு தொளதொளத்துவிடும். அதனால் தண்ணீரில் வைத்துச் சில நிமிடம் கழித்து, மறுபடி வாயால் ஊதி இறுக்கிக்கொள்ள வேண்டும். அதேபோல் இறுக்கமான படகைக் கரையேற்றி வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. காற்று விரிந்து தையல் விட்டுப்போகும். வால்வைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுப் போங்கள்.

மூன்றாவது, ஓடும் நீரின் விசை. வேகம் இரட்டிப்பானால் விசை நாலு மடங்கு. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் அரை சதுர மீட்டர் பரப்பைத் தண்ணீர் தள்ளும் விசை ஏறத்தாழ 25 கிலோ. நொடிக்கு 2 மீட்டர் என்றால் 100 கிலோ. நாம் வேகமாக நடக்கும் வேகம்தான் அது. அந்த நீரில் கால் ஊன்றி நின்று, பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால், எந்தப் பயில்வானும் நிமிர முடியாது. ஆகவே ஓடும் நீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலக் கூடாது. மல்லாந்து, பாதத்தை முன்னால் நீட்டி, விரல் நுனி மேலே தெரியும்படி மிதந்து, அமைதியான நீர் வந்ததும் கவிழ்ந்து கரைக்கு நீந்த வேண்டும்.

இனி, எப்படித் தொடங்குவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, நீச்சல். இதில் சமரசமே கிடையாது. கடல் சத்தம் கேட்டுத் தூங்குகிற ஊர் நம் ஊர். குப்பத்துப் பிள்ளைகளை விட்டால், தெருவுக்கு நீந்தத் தெரிந்த பத்துப் பேரை எண்ணிக் காட்ட முடியுமா? நம் கல்லூரியிலும் அதே கதைதான். மெரினாவில் மாநகராட்சி நீச்சல் குளம் இருக்கிறது. முப்பது வயதிலும் கற்கலாம், நாற்பதிலும் கற்கலாம். நிற்காமல் 100 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் ஒரே இடத்தில் மிதக்கவும் வரும் வரை படகைப் பற்றிப் பேச வேண்டாம்.

இரண்டு, லைஃப் ஜாக்கெட். நீந்தத் தெரிந்தவருக்கும் வேண்டும். வயது வந்தவருக்கு 70 நியூட்டன், அதாவது சுமார் 7 கிலோ மிதப்பு விசை போதுமானது. தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே இழுத்தால் காது வரை ஏறக் கூடாது. அந்த அளவுக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். படகில் மடியில் வைத்திருக்கும் ஜாக்கெட் ஜாக்கெட்டே இல்லை. பழவேற்காட்டில் 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். நமக்கு அது அடுத்த ஊர். அந்தக் கிறிஸ்துமஸ் நாளை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள்.

மூன்று, விழுந்து ஏறப் பழகுவது. அசையாத நீரில், நெஞ்சளவு ஆழத்தில், வேண்டுமென்றே படகைக் கவிழ்த்துவிடுங்கள். துடுப்பை விடாதீர்கள், படகையும் விடாதீர்கள். படகை நிமிர்த்துங்கள். பக்கவாட்டில் வந்து, எட்டிப் படகின் எதிர்ப்பக்கத்தைப் பிடியுங்கள். உடனே மேலே தாவக் கூடாது. தாவினால் படகு உங்கள் மேலேயே கவிழும். முதலில் காலை உதைத்து உடம்பைத் தண்ணீர் மட்டத்தில் மட்டமாகக் கொண்டுவந்து, அந்த வேகத்திலேயே நெஞ்சைப் படகுக்கு மேல் இழுத்துப் போட்டு, பிறகு புரண்டு உட்கார வேண்டும். இருபது தடவை செய்யுங்கள். அப்புறம் கால் எட்டாத ஆழத்தில், துணை பக்கத்தில் இருக்க, இருபது தடவை. இது வராமல் ஆற்றில் இறங்குவது, பிரேக் பிடிக்கத் தெரியாமல் வண்டியை எடுப்பது போல.

நான்கு, துணை. குறைந்தது மூன்று பேர். ஒருவருக்கு ஆபத்து என்றால் ஒருவர் உதவ, ஒருவர் ஆள் கூட்டிவர. 15 மீட்டருக்குக் குறையாத மிதக்கும் கயிறு ஒன்று, விசில் ஒன்று, ஒட்டுப் போடும் சாமான். கயிற்றை உங்கள் உடம்பில் மட்டும் கட்டிக்கொள்ளாதீர்கள். ராத்திரி பார்ட்டி முடித்துவிட்டுக் காலையில் படகு என்பதும் கூடவே கூடாது. சிரிக்கிறீர்கள், யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

ஐந்து, ஓடும் நீர். உலகெங்கும் ஆற்றின் வேகத்தையும் கரடுமுரடையும் 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். தொடங்குபவருக்கு 1 மட்டும்; ஒரு வருஷம் ஆன பிறகு, தெரிந்த ஆளோடு 2. மகாராஷ்டிரத்தில் கோலாட் பக்கம் குண்டலிகா ஆற்றிலும், கர்நாடகத்தில் தாண்டேலி பக்கம் காளி ஆற்றிலும் வழிகாட்டிகளோடு ராஃப்டிங் நடக்கிறது. முதலில் அங்கே பெரிய ராஃப்டில் பயணியாகப் போய், நீர் எங்கே சுழல்கிறது, எங்கே தேங்குகிறது, எங்கே பாறையில் மோதித் திரும்புகிறது என்று பார்த்துப் பழகுங்கள். ஒகேனக்கலில் உங்கள் படகை இறக்க வேண்டாம். பரிசலில் உட்கார்ந்து, ஓட்டியின் கையைக் கவனியுங்கள். ஒற்றைத் துடுப்பில் அவர் செய்வதை நாலு புத்தகம் படித்தாலும் கற்க முடியாது.

ஆறு, எங்கே இறங்கவே கூடாது என்பது. தடுப்பணைக்குக் கீழே இறங்கவே கூடாது. மேலிருந்து பார்த்தால் அழகாக, ஒரே சீராக வழியும். அடியில் தண்ணீர் திரும்பிச் சுழன்று, விழுந்ததை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். மணல் அள்ளிய குழிகள் இருக்கும் ஆற்றுப்படுகையும் அப்படித்தான். முழங்கால் தண்ணீரில் அடுத்த அடி வைத்தால் ஆள் ஆழம். 2022 ஜூன் 5 அன்று கடலூர் அருகே கெடிலம் ஆற்றில் தடுப்பணைப் பக்கம் தேங்கிய நீரில் குளிக்கப் போன 7 பெண்கள், சிறுமிகள் உட்பட, மூழ்கிப் போனார்கள். வெள்ளம்கூட இல்லை. இன்னும், வெள்ளத்தில் சாய்ந்து கிடக்கும் சீமைக்கருவேல முட்புதர், குறுக்கே கட்டிய வலை, இவையெல்லாம் தண்ணீரை விட்டுவிடும், ஆளை விடாது.

இங்கே ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "அண்ணே, அவ்வளவு தூரம் எதுக்கு? எண்ணூர்க் கழிமுகம் பக்கத்துலதானே இருக்கு?" நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லத்தான் கொஞ்சம் மனசு கனக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் வடசென்னைக்காரன் துடுப்புப் பிடிக்கக் கற்க வேண்டிய இடம் அதுதான். கொசஸ்தலையாறு அகன்று, அலையில்லாமல் கடலோடு சேரும் இடம். 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை முதலில் வெட்டிய கால்வாய்தான் பிறகு நீண்டு பக்கிங்காம் கால்வாய் ஆனது. சரக்குப் படகுகள் போய்வந்த வழி அது. இன்று கழிமுகத்தின் நிலைமை உங்களுக்கே தெரியும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து பல இடங்களில் ஆழமே இல்லை. கீழே சேறு, கால் வைத்தால் இழுக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் பரவியதைப் பார்த்தோம். அந்தத் தண்ணீரில் இருபது தடவை விழுந்து ஏறுங்கள் என்று நான் எந்த வாயால் சொல்வேன்? ஆனால் அதே தண்ணீரில் மீனவர்கள் வலை போடுகிறார்கள், இருளர் மக்கள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். நமக்கு விளையாடக்கூடத் தகுதியில்லை என்று ஒதுக்குகிற தண்ணீரில் அவர்கள் பிழைப்பு நடத்துகிறார்கள் என்பதை எஞ்சினியர்களாகிய நாம் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அந்தக் கரையிலுள்ள ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் இந்த அரங்கத்திலும் இருக்கிறோம்.

சரி, கடற்கரை? துறைமுகச் சுவர் வந்த பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டது. மெரினா அகன்றது, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்துப் போனது. அதைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள், தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். அலை தள்ளினால் நீங்கள் போய் விழுவது மணலில் இல்லை, கல்லில். ஆகவே நம் ஊர்க் கடலும் வேண்டாம். பூண்டி, புழல் ஏரிகள் குடிநீருக்கானவை; அங்கேயும் கூடாது. தொடங்குவதற்கு முட்டுக்காடு படகுத்துறைக்குப் போங்கள். வாடகைப் படகில் துடுப்புப் பழகுங்கள். கோவளம் பக்கம் அலைச்சறுக்கு கற்றுத்தருபவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரில் விழுவதை அவர்களிடம் முறையாகக் கற்கலாம். திருவொற்றியூரிலிருந்து ஊரையே குறுக்கே கடந்து போக வேண்டும்தான். வேறு வழியில்லை.

இப்போது அந்தக் கடைசிக் கேள்வி: எந்தப் படகு வாங்கலாம்? மேலே சொன்ன ஆறும் முடிந்த பிறகு வாங்குங்கள். அதற்கே ஒரு வருஷம் ஆகும். அதுவரை வாடகைப் படகே போதும். நல்ல பேக்ராஃப்ட் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருப்பதால் விலை ஒரு புது பைக்கின் விலையை நெருங்கும். நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் தப்பில்லை. முதல் படகு மேல்மூடி இல்லாததாக இருக்கட்டும். கவிழ்ந்தால் காலை உருவி வெளியே வருவது சுலபம். பொம்மைக் கடையில் கிடைக்கும் நீச்சல்குளப் படகை ஆற்றுக்குக் கொண்டு போகாதீர்கள். அந்த பிளாஸ்டிக் ஒரு முள்ளுக்குத் தாங்காது.

எந்தப் படகு வாங்கினாலும், அதன் மிகப் பெரிய வசதி அது மிதப்பது இல்லை. மிதக்கிற படகு ஆயிரம் இருக்கிறது. இதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்பதுதான் வசதி. ஆற்றின் வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லையா? இறங்கி நடந்து போய்ப் பாருங்கள். சத்தம் பெரிதாகக் கேட்கிறதா? காற்றைத் திறந்துவிட்டு, சுருட்டி, தோளில் போட்டுக்கொண்டு கரையோரமாக நடந்துவிடுங்கள். பெரிய படகுக்காரனுக்கு அந்த வழி கிடையாது; உங்களுக்கு எப்போதும் உண்டு. தடை வந்த நாளில் பரிசலோட்டி கரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்குத் தொழில் தெரியாமலா உட்கார்ந்திருக்கிறார்? தொழில் தெரிந்ததால் உட்கார்ந்திருக்கிறார். சந்தேகம் வந்தால் படகு தோளுக்கு ஏற வேண்டும். புதிதாக வருபவர் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்; மற்றதெல்லாம் தானாக வரும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். படகுக் குழு ஒன்று தொடங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். தொடங்கலாம். ஆனால் முதல் வருஷம் அது நீச்சல் குழுவாக இருக்கட்டும். உறுப்பினர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும், பெண் பிள்ளைகள் உட்பட, நீந்தக் கற்கட்டும். குப்பங்களிலிருந்து அனுபவமுள்ள மீனவப் பெரியவர் ஒருவரை மரியாதையோடு அழைத்து வந்து, காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிப் பேசச் சொல்வோம். அடுத்த கூடுகையில், "எந்தப் படகு வாங்கலாம்?" என்று கேட்பதற்கு முன், "எனக்கு நீந்த வரும்" என்று இருபது பேர் கை தூக்கினால், அன்றைக்கு என் படகைக் கொண்டு வந்து இந்த மேடையிலேயே ஊதிக் காட்டுகிறேன்.